கட்டப்படமும் கோட்டுப்படமும்: இலச்சினையைப் பெயர்த்தெழுதும் முறை பற்றிய ஓர் ஆய்வு

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் ஆகிய வட்டாரங்களில் வழிவழியாக நிகழ்ந்துவரும் மரச்சிற்பத் தொழில் 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. 1999ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2003ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒரு நிலத்திற்கே உரிய பொருளின் பெயரைப் பிறர் எடுத்தாளாவண்ணம் காக்கும் உரிமை இது. பெயரைக் காத்தல் வேண்டுமெனின், அப்பெயர் முதற்கண் பிழையின்றி எழுதப்பெற்றிருத்தல் வேண்டும். கூறவும் வேண்டா என எண்ணத்தக்க இவ்வொன்று, இக்காலத்து அச்சுமுறையில் எத்துணை எளிதாகத் தவறிவிடுகின்றது என்பதையும், தவறாமற் காக்கும் வழி யாது என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். இது கணிப்பொறியாளர் துறை என்று தமிழாசிரியர் ஒதுங்கிவிடுதற்கு இல்லை. ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் நெடுங்காலம் எதிர்ப்பட்டு வந்த சிக்கலே ஈண்டு வேறோர் உடையில் வந்து நிற்கின்றது.

எடுத்துக்காட்டாக ஓர் இலச்சினையை நாமே அமைத்துக்கொள்வோம். நடுவில் மரத்திற் செதுக்கிய யாளி ஒன்றின் தலை. அதனைச் சூழ்ந்து ஒரு வட்டம். வட்டத்தின் கீழ்ப்புறம் ‘கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்’ என்னும் எழுத்து. இத்தகைய இலச்சினை பட்டறைக்காரரிடம் இருக்கும் நிலை பெரும்பாலும் ஒன்றே. முன்னாளில் யாரோ வரைந்தார். வரைந்த மூலம் இன்று இல்லை. கைப்பேசி வழியே பலர் கைமாறி வந்த சிறு படம் ஒன்று மட்டுமே எஞ்சியுள்ளது. அதனைப் பெயர்ப்பலகைக்குப் பெருக்க வேண்டும், விலைச்சீட்டிற்குச் சுருக்க வேண்டும், வாகைப் பலகையில் செதுக்கவும் வேண்டும். அச்சகத்தார் அப்படத்தைக் கண்டதும், “இது ராஸ்டர், வெக்டர் கொடுங்கள்” என்கின்றனர். இவ்விரு சொற்களின் பொருள் யாது?

ராஸ்டர் என்பது கட்டப்படம். கணக்கேட்டின் சதுரத் தாளைப்போல் ஒரு பரப்பை நுண்கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு நிறத்தைக் குறித்துவைக்கும் முறை அது. அக்கட்டத்தைப் பிக்சல் என்பர். அகலத்தில் 300, உயரத்தில் 300 கட்டங்கள் கொண்ட படத்தில் 90,000 கட்டங்கள் உள. படம் அறிவது இவ்வளவே. யாளியும் எழுத்தும் அதற்குத் தெரியா. இன்ன கட்டம் கருமை, இன்ன கட்டம் வெண்மை என்பதே தெரியும். பத்து மடங்கு பெருக்கினால் கட்டங்கள் பருக்குமேயன்றிப் புதிய செய்தி யாதும் பிறவாது; ஓரங்கள் படிக்கட்டுப்போல் தோன்றும்.

வெக்டர் என்பது கோட்டுப்படம். இவ்விடத்தில் தொடங்கி, இவ்வாறு வளைந்து, இவ்விடத்தில் முடிக என்னும் கட்டளைகளின் தொகுதி அது. பெருக்கினும் சுருக்கினும் கட்டளை மாறாது. ஆதலின் ஓரம் கெடாது. ஈய எழுத்து அச்சகங்களை அறிந்த மூத்தோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஒளிப்படத்தைச் சிறுபுள்ளிகளாகச் சிதைத்துச் செய்த ஹாஃப்டோன் பிளாக்கு ஒன்று. மைக்கோட்டை அப்படியே துத்தநாகத்தில் அரித்தெடுத்த லைன் பிளாக்கு மற்றொன்று. முற்றும் ஒன்றன்று எனினும் உறவு நெருங்கியது.

கோட்டுப்படத்தின் உயிர் வளைகோட்டில் உளது. நேர்க்கோட்டிற்கு இரு முனைகள் போதும். வளைவை எவ்வாறு எண்ணாற் கூறுவது? இவ்வினாவிற்கு விடை கண்டோர் ஓவியர் அல்லர். மோட்டார் வண்டியின் உடற்கூட்டை வடிவமைத்தவர்கள். பிரான்சு நாட்டில் சித்ரோன் நிறுவனத்திற் பணியாற்றிய பால் தெ காஸ்தெல்ஜோ 1959ஆம் ஆண்டிலும், ரெனோ நிறுவனத்துப் பியர் பெசியே அதனை அடுத்த ஆண்டுகளிலும் தனித்தனியே கண்ட முறை இன்று பெசியே வளைவு என்னும் பெயரால் வழங்குகின்றது. தொடக்கம், முடிவு என இரு புள்ளிகள். வளைவைத் தம்பால் ஈர்க்கும் பிடிப்புள்ளிகள் இரண்டு. இந்நான்கு இடங்களைக் குறித்தால் ஒரு வளைவு முற்றும் கிடைத்துவிடும். முழு வட்டத்தை இத்தகைய வளைவுகள் நான்கினால் அமைக்கலாம். அது மெய்வட்டம் அன்று. ஆயினும் ஆரத்தில் வரும் பிழை பதினாயிரத்தில் மூன்று பங்கிற்கும் குறைவு. 1980களின் முற்பகுதியில் தோன்றிய போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சுமொழி இவ்வளைவை ஏற்றதன் பின்னர், எழுத்துருக்களும் இலச்சினைகளும் இதனாலேயே எழுதப்பெறலாயின. 2001ஆம் ஆண்டில் இணையத்திற்கென வகுக்கப்பெற்ற எஸ்.வி.ஜி. என்னும் கோட்டுப்பட வடிவமும் இதனையே கையாள்கின்றது.

இனி, கட்டப்படத்தைக் கோட்டுப்படமாக்குதல். இதனைத் தானே செய்யும் கருவிகள் பல உள. அவற்றுள் பீட்டர் செலிங்கர் என்பார் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட போட்ரேஸ் பெரிதும் அறியப்பட்டது. இங்க்ஸ்கேப் என்னும் விலையில்லா வரைகருவியினுள்ளும் அதுவே இயங்குகின்றது. அது செய்யும் வேலையைக் கூர்ந்து நோக்கினால், அது எங்கே வழுக்கும் என்பதும் புலனாகும். முதற்கண் படம் கருப்பு, வெள்ளை என இரண்டாகப் பிரிக்கப்படுகின்றது. சாம்பல் நிறங்கள் 0 முதல் 255 வரை எண்ணப்படும். ஓர் எல்லையை வைத்து, அதற்குக் கீழுள்ளவை கருப்பு, மேலுள்ளவை வெள்ளை என வகுப்பர். பின்னர்க் கருமைத் திட்டு ஒவ்வொன்றின் ஓரத்தையும் கருவி சுற்றிவந்து, அதனைப் பல்கோணமாக்கி, அதன் மூலைகளை மழுக்கி வளைவாக்குகின்றது.

இடையில் ஒரு செயல் நிகழ்கின்றது. மிகச் சிறிய திட்டுக்களைத் தூசு எனக் கருதி நீக்கிவிடுதல் அது. பரப்பில் இரண்டு கட்டங்கள் வரையுள்ள திட்டு நீங்குமாறு அக்கருவி இயல்பாகவே அமைக்கப்பட்டுள்ளது. வேண்டுவோர் அவ்வெல்லையை மாற்றிக்கொள்ளலாம். உரோமன் எழுத்தினர்க்கு இதனால் வரும் இழப்புப் பெரிதன்று. தமிழுக்கோ இஃது இடர். நம் மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளி, கருவியின் கண்ணிற்குத் தூசே.

கணக்கிட்டுப் பார்ப்போம். ‘கள்ளக்குறிச்சி’ என்னும் பெயரில் எழுத்துக்கள் எட்டு. அவற்றுள் புள்ளி பெற்றவை ள், க், ச் என மூன்று. 300 கட்ட அகலமுள்ள படத்தில் இப்பெயர் 240 கட்டங்களில் அமைகின்றது எனின், ஓர் எழுத்திற்கு 30 கட்டம். புள்ளியின் குறுக்களவு மூன்று அல்லது நான்கு கட்டம். இந்நிலையில் அது பிழைத்துக்கொள்ளும். அதே படம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிக் கைப்பேசியில் வந்திருப்பின், புள்ளி ஒரே கட்டமாய் நிற்கும். அதனைத் தூசாகக் கருதிக் கருவி நீக்கிவிடும். எஞ்சுவது ‘களளககுறிசசி’.

இவ்வடிவத்தைக் கண்டதும் சுவடி பயின்றோர்க்கு முறுவல் தோன்றும். ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியிடாது எழுதிய ஏட்டின் எழுத்தன்றோ இது! எழுத்தாணி விட்ட புள்ளியை இன்று கணிப்பொறி விடுகின்றது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ஏடெழுதினோன் புள்ளியில்லை எனினும் படிப்போன் மெய்யென உணர்வான் என்னும் நம்பிக்கையில் விட்டான். எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இடையே அது வழக்காக நின்றது. கருவிக்கு அத்தகைய வழக்கு யாதும் இல்லை. அன்றியும், பெயர்ப்பலகையைப் படிக்கும் இற்றை நாளார்க்குப் புள்ளியில்லா எழுத்து உயிர்மெய்யாகவே ஒலிக்கும். கல்வராயன் மலையின் தேனுக்கோ சாமைக்கோ ஒட்டும் சீட்டில் லகரத்துப் புள்ளி ஒன்று விழுந்தால் ‘கலவராயன்’ என்றாகும். படிப்போர் கலவரத்தை நினைத்தால் அவர்மேற் குற்றம் இல்லை.

அச்சொல்லிலேயே இன்னொரு சிக்கலும் உளது. ஏடுகளில் ரகரமும் நெடிற்காலும் ஒரே வடிவின என்பதும், அதனால் விளைந்த பாடவேறுபாடுகள் பல என்பதும் பதிப்புத்துறையினர் நன்கறிந்தவை. அச்செழுத்து ரகரத்தின் அடியில் ஒரு சாய்கோட்டை இட்டு இம்மயக்கத்தைத் தீர்த்தது. ‘கல்வராயன்’ என்பதில் ரகரமும் காலும் அடுத்தடுத்து நிற்கின்றன. சிறு படத்தில் அச்சாய்கோடு ஓரிரு கட்டமே. அது மழுங்கின், இரு கால்கள் அருகருகே நிற்கும் பொருளற்ற வடிவம் எஞ்சும். இகர ஈகாரக் குறிகளும் இவ்வாறே இடர் தருவன. ஈகாரக் குறியின் சுழி அடைபட்டால் இகரம்போல் தோன்றும். இகரத்தின் வளைவு தடித்துச் சுழிபோல் ஆனால் ஈகாரமாகும். கருப்பு வெள்ளையைப் பிரிக்கும் எல்லையைச் சற்று உயர்த்தினால் சுழிகள் அடைபடுகின்றன. சற்றுத் தாழ்த்தினால் மெல்லிய கோடுகள் அறுபடுகின்றன. இரண்டிற்கும் பொருந்தும் ஓர் எல்லை பல படங்களில் இல்லவே இல்லை.

இவற்றிற்கு மாறான குற்றமும் உண்டு. இல்லாத புள்ளியைப் படைத்தல் அது. ஜேபெக் என்னும் சுருக்கமுறை படத்தை எட்டுக்கு எட்டாக, 64 கட்டங்கள் கொண்ட சதுரங்களாகப் பகுத்துச் சுருக்குகின்றது. கருமையும் வெண்மையும் வெடுக்கென மாறும் எழுத்தோரங்களில் இதனால் மங்கிய அலைகள் படர்கின்றன. படம் கைமாறுந்தோறும் மீண்டும் சுருக்கப்படுமாயின் அவை மிகும். அவ்வலையின் துளி ஒன்று ‘மர’ என்பதன் ரகரத்தின்மேல் திரண்டு நின்றால், கருவி அதனைப் புள்ளியாக வரைந்து தந்துவிடும். தூசெல்லையை உயர்த்தினால் மெய்ப்புள்ளி போகின்றது. தாழ்த்தினால் பொய்ப்புள்ளி வருகின்றது. எது புள்ளி, எது தூசு என்பதை அளவு கொண்டு துணிதல் இயலாது. சொல்லை அறிந்தவனே துணிதல் கூடும்.

கல்வெட்டாய்வாளர் இதனை உடனே உடன்படுவர். திருக்கோவிலூருக்கு அண்மையில் உள்ள ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அத்தகைய குகைக் கல்வெட்டில் மைப்படி எடுக்குங்கால், உளியின் வடுவும் பாறையின் இயற்கைப் பொரிவும் ஒன்றுபோலவே தாளில் வெண்மையாய்ப் பதியும். மைப்படி பொய் கூறாது. ஆனால் பிரித்தும் கூறாது. பிரித்துக் கூறுபவர் படிப்பாளர். மைப்படியைக் கட்டப்படத்திற்கும், படிப்பாளர் வரைந்தெடுக்கும் எழுத்துருவைக் கோட்டுப்படத்திற்கும் ஒப்பிடலாம். அது சான்று, இது துணிபு. பழைய எழுத்துக்களை எழுத்துருக்களாக்க விழைவோர், கருவி தானே வரைந்த ஓரத்தைச் சான்றெனக் கொள்ளின், பாறையின் பொரிவுகளையும் எழுத்தின் உறுப்பாக்கி மாணவர்க்குக் கற்பித்தவர் ஆவர்.

ஆகவே இலச்சினையைக் கோட்டுப்படமாக்குவோன் படியெடுப்போன் அல்லன், பதிப்பாசிரியன். இதனை ஒப்புக்கொண்டால் செய்முறை தானே ஒழுங்குபடும். சுவடிப் பதிப்பில் முதல் வேலை படிகளைத் திரட்டுதல். உ. வே. சாமிநாதையர் ஒரு நூலுக்குப் பல சுவடிகளைத் தேடி அலைந்ததுபோல, ஈண்டும் கிடைத்த படத்தோடு அமையாது பழைய சீட்டு, அழைப்பிதழ், பெயர்ப்பலகையின் ஒளிப்படம், இரசீதுப் புத்தகத்தின் முகப்பு ஆகியவற்றைத் திரட்டுதல் வேண்டும். பட்டறையின் மூலையிற் கிடக்கும் பழைய இரப்பர் முத்திரை ஒன்று, பத்துக் கைப்பேசிப் படங்கள் தாராத தெளிவைத் தரக்கூடும்.

அடுத்து, எழுத்தை வடிவத்தினின்றும் பிரித்தல். எழுத்தை ஒருபோதும் கருவியைக்கொண்டு வரைந்தெடுத்தல் ஆகாது என்பது என் துணிபு. அஃது அறிந்த அச்செழுத்தாயின் அவ்வெழுத்துருவைக் கண்டுபிடித்துப் புதிதாகத் தட்டச்சிடுதலே முறை. கையெழுத்தாயின் கண்ணாற் படித்துக் கையால் வரைதல் வேண்டும். தட்டச்சிட்ட பின் அதனை வெளிக்கோடுகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். இன்றேல் அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணிப்பொறியில் வேறுரு தோன்றும், அல்லது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஆனால் வெளிக்கோடாக மாறியது எழுத்தன்று, வெறும் உருவம். அதில் பிழை திருத்தலும் சொல் தேடலும் இயலா. எழுத்தாகவே உள்ள படி ஒன்றையும் உடன்வைத்துக் காத்தல் நலம்.

யாளித் தலையும் வட்டமும் எளியன. வட்டத்தைக் கருவியிடம் விடாது வட்டமாகவே இட வேண்டும். தலையின் ஓரத்தைப் பெசியே வளைவுகளால் வரையுங்கால், வளைவின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய உச்சங்களில் முனைப்புள்ளிகளை வைத்தல் எழுத்துரு வரைவோர் வழக்கம். தானே வரையும் கருவி நூற்றுக்கணக்கில் புள்ளிகளைத் தூவும். தேர்ந்த கையோ சிலவற்றோடு அமையும். மூலைகளும் கவனிக்கற்பாலன. போட்ரேஸ் கருவியில் மூலைக்கென ஓர் அளவு உளது. இயல்பாக 1 என நிற்கும். அதனைச் சுழியாக்கினால் யாவும் மூலைகளாகும். ஒன்றும் மூன்றில் ஒரு பங்குமாக உயர்த்தினால் மூலையே இராது. உளிவெட்டின் கூர்மை தோன்ற வேண்டிய யாளியின் பல்லும், வளைய வேண்டிய பிடரியும் ஒரே அளவிற்கு அடங்குமோ? இன்னுமொன்று: சுழியின் உள்ளோரமும் வெளியோரமும் எதிரெதிர்த் திசையில் வரையப்பெறல் வேண்டும். ஒரே திசையில் ஓடினால், நிறம் நிரப்பும் பொதுவிதிப்படி உட்புழை அடைந்து, ளகரச் சுழிகள் கருந்திட்டாகும்.

மரத்திற்கு வருவோம். தச்சரும் சிற்பியரும் தாளில் கோடிட்டு அதனைப் பலகைக்கு மாற்றிச் செதுக்குதல் பழைய முறை. ஆதலின் கோட்டுப்படம் அவர்க்குப் புதிதன்று. கணிப்பொறி ஏவலால் மரம் குடையும் பொறிகள் வந்த பின், அக்கோடு கோப்பாக வேண்டப்படுகின்றது. ஈண்டுப் பலரும் அறியாத ஓர் இடர் உளது. கருவி வரைந்து தருவது திட்டின் ஓரமேயன்றிக் கோடன்று. சிற்பி ஒரே கீறலாகக் கருதிய கோட்டிற்குக் கருவி இரு ஓரங்களைத் தரும். பொறி இருமுறை ஓடி, ஒரு கீறல் இருக்க வேண்டிய இடத்தில் இரு கீறல்களை இடும். கீறலுக்கு வேண்டுவது நடுக்கோடு. அதனைத் தனியே வரைதல் வேண்டும். புடைப்புச் சிற்பத்திற்கோ நிலைமை வேறு. கருமை ஆழம், வெண்மை மேடு எனக் கொள்ளும் சாம்பல்நிறக் கட்டப்படமே அதற்கு உதவும். எனவே கட்டப்படம் தாழ்ந்தது, கோட்டுப்படம் உயர்ந்தது என்னும் கூற்று ஏற்புடையதன்று.

தாளில் பிழைத்ததை மறுமுறை அச்சிட்டுத் திருத்தலாம். வாகைப் பலகையில் புள்ளியின்றிக் குடைந்ததற்குப் புள்ளியை எங்ஙனம் சேர்ப்பது? சுற்றிலும் மரம் முன்னரே அகழப்பட்டிருக்கும். பலகையையே மாற்றுதல் வேண்டும். அவ்விழப்புத் தொழிலாளியையே சாரும். குறியீடு பெற்ற பெயரைக் குறியீடு பெற்றவரே பிழைபடப் பொறித்து விற்றால், பிறர் போலியை எவ்வாறு சுட்டுவது?

மலைப்படத்தைப் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். கல்வராயன் மலை வடபால் சின்னக் கல்வராயன், தென்பால் பெரிய கல்வராயன் என இரு பகுதியாக வழங்குவது. முன்னது ஏறத்தாழ 2,700 அடியும் பின்னது ஏறத்தாழ 4,000 அடியும் உயரமுடையன. மேற்பரப்பு அலைபோல் ஏறியிறங்குவது. ஊசிமுனைச் சிகரம் அன்று. மங்கிய படத்தில் மலைக்கோடு தெளிவில்லாதபோது, வரைவோர் கைக்கெட்டிய ஆயத்தப்படம் ஒன்றை, பனி மூடிய முக்கோணச் சிகரத்தை, அவ்விடத்தில் ஒட்டிவிடுகின்றனர். கல்வராயனில் பனிச்சிகரம்! ஏட்டிற் சிதைந்த அடியைத் தன் கவியால் நிரப்பிய பதிப்பாளன் செயலே இது. வெள்ளிமலைப் பக்கம் சென்று ஒளிப்படம் எடுத்து, அதன் மேலோரத்தை வரைந்துகொள்ள ஒரு பகற்பொழுது போதும்.

இறுதியாக, பதிப்பாசிரியன் தான் செய்த திருத்தத்தை அடிக்குறிப்பில் கூறுவன். இலச்சினை வரைவோன் எங்கே கூறுவது? எஸ்.வி.ஜி. கோப்பு அதற்கும் இடந்தருகின்றது. அது படமாகத் தோன்றினும் உள்ளே எழுத்தால் ஆயது. தலைப்பும் விளக்கமும் எழுதுதற்கெனத் தனி உறுப்புக்கள் அதில் உள. அவை படத்தில் தோன்றா, கோப்பில் நிற்கும். எப்படிகளைக் கொண்டு வரையப்பட்டது, எப்புள்ளி படியில் தெளிவாக இருந்தது, எப்புள்ளி சொல்லறிவால் சேர்க்கப்பட்டது, யாளியின் எப்பகுதி சிதைந்திருந்து ஊகித்து வரையப்பட்டது என்பவற்றைத் தமிழிலேயே அவ்விடத்தில் எழுதிவைக்கலாம். பின்னாளில் பழைய முத்திரை ஒன்று அகப்படுமாயின், ஊகித்ததை மட்டும் மாற்றினால் போதும். ஏனையவற்றைத் தொட வேண்டியதில்லை.